முக்கால் மணி நேரத்தில் ‘ஃபுல்’ காட்டும் பேட்டரி

கேள்வி: எங்கள் வீட்டு யூபிஎஸ்ஸில் இருப்பது 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. முன்பு கரண்ட் போனால் மூன்று ஃபேன், நாலு லைட், டிவி எல்லாம் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். இப்போது அரை மணி நேரத்தில் கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. ஆனால் கரண்ட் வந்ததும் முக்கால் மணி நேரத்தில் ‘ஃபுல் சார்ஜ்’ விளக்கு எரிகிறது. மெக்கானிக் எதையும் கழற்றிப் பார்க்காமலே, “பேட்டரி போச்சும்மா, புதுசு போட்டுடுங்க” என்கிறார். பதினாறாயிரம் ரூபாய் ஆகுமாம். தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்தான். மாற்றியே ஆக வேண்டுமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: மாற்ற வேண்டியதாக இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் பதினாறாயிரத்தை எடுத்து வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும், அதாவது சீக்கிரம் நிறைவதும் சீக்கிரம் தீர்வதும், இரண்டு வேறு காரணங்களால் வரும். ஒன்று, பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிப் போயிருப்பது. மற்றொன்று, பேட்டரி நன்றாக இருந்தும் அதன் டெர்மினலில் இணைப்பு கெட்டிருப்பது. முன்னதற்குப் புது பேட்டரி தேவைப்படலாம். பின்னதற்குக் கொஞ்சம் ஆப்ப சோடாவும் ஒரு ஸ்பேனரும் போதும். அதனால் செலவில்லாததை முதலில் பார்ப்போம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருக்கிறதா? அந்தப் பூப்பு மின்சாரத்தைத் தடுக்கும். அது 0.05 ஓம் அளவே தடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன லோடுக்கு பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 30 ஆம்பியர் ஓடும். 30-ஐ 0.05-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போதே யூபிஎஸ்ஸுக்குப் போய்ச் சேருவது 10.5 வோல்ட்தான். பல யூபிஎஸ்கள் பேட்டரி தீர்ந்தது என்று கணக்கிட்டு அணைவது அந்த அளவில்தான். சார்ஜ் ஆகும்போது இதே கோளாறு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். 15 ஆம்பியர் உள்ளே போனால் முக்கால் வோல்ட் அந்த இணைப்பிலேயே தங்கிவிடும். யூபிஎஸ் 14.4 வோல்ட்டைப் பார்த்து ‘ஃபுல்’ என்று விளக்கைப் போட்டுவிடும், பேட்டரிக்குள் 13.65 வோல்ட்தான் போயிருக்கும். இப்படி மாதக்கணக்கில் அரைகுறையாகவே சார்ஜ் ஆனால் நல்ல பேட்டரியும் நிஜமாகவே கெட்டுப்போகும்.

இதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். மெயினை அணைத்து, வழக்கமான லோடை பேட்டரியில் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஈயக் கம்பத்தின் மேலும் மற்றதை வயர் நுனியில் அழுத்தியிருக்கும் லக்கின் மேலும் வையுங்கள். போல்ட்டின் மேல் வைக்கக் கூடாது. நல்ல இணைப்பு என்றால் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே அங்கே கோளாறு. கறுப்பு, சிவப்பு இரண்டு டெர்மினலிலும் இப்படிப் பாருங்கள். கெட்ட இணைப்பு பத்து நிமிடத்தில் தொட்டால் சுடும் அளவுக்கு வந்துவிடும்.

சுத்தம் செய்யும் முன் யூபிஎஸ்ஸை முன்பக்க ஸ்விட்சில் அணைத்து, சுவர் பிளக்கையும் உருவிவிடுங்கள். நேரடி வயரிங் என்றால் எம்.சி.பி.யை இறக்குங்கள். வளையல், மோதிரம், தாலிச் செயின் எதுவும் டெர்மினல் பக்கம் தொங்கக் கூடாது. இரண்டு முனைகளுக்கும் குறுக்கே உலோகம் பட்டால் அந்தக் கணமே பழுக்கக் காய்ந்துவிடும். கறுப்பு வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பூஜை அறையை ஒட்டிப் பேட்டரி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விளக்கும் ஊதுபத்தியும் அதன் அருகில் வரவே கூடாது. வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தடவினால் பூப்பு நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா நீர் உள்ளே இறங்கினால் ஆசிட் கெட்டுவிடும். துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் பேக்கப் வரவில்லை என்றால் பேட்டரிக்குள் பார்க்க வேண்டும். ‘ஃபுல்’ ஆன பிறகு யூபிஎஸ்ஸை மேற்சொன்னபடி அணைத்து, ஆறேழு மணி நேரம் சும்மா விட்டு வோல்ட் பாருங்கள். சார்ஜ் நின்ற உடனே பார்த்தால் 13-க்கு மேல் காட்டி ஏமாற்றும். 12.6-ஐ ஒட்டி இருந்தால் சார்ஜ் இருக்கிறது. 12.2 என்றால் பாதி. பத்தரையில் நின்றால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம், ஏனென்றால் ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது, ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டர். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். ஆறு மூடியையும் திறந்து ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு டியூபுலர் பேட்டரி நிறைந்திருந்தால் பொதுவாக 1240-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீர் ஊற்றிய உடனே பார்க்காதீர்கள், அது ஆசிட்டோடு கலந்திருக்காது. ஐந்து செல் 1230 காட்ட, ஒன்று மட்டும் 1150-இல் கிடந்தால் அந்த செல் செத்துவிட்டது. செல் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். புதுப் பேட்டரிதான் வழி. ஆறும் ஒன்றுபோல் 1180, 1190 என்று தாழ்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள். அது பட்டினி கிடக்கும் பேட்டரி. தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகத் தொடங்கியிருக்கும். தனி சார்ஜர் வைத்திருக்கும் பேட்டரிக் கடையில் கொடுத்து, ஒரு நாள் முழுக்க மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். கிராவிட்டி ஏறினால் பேட்டரி பிழைத்தது. ஏறாவிட்டால் மெக்கானிக் சொன்னதே சரி.

பிழைத்தால், ஏன் பட்டினி கிடந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் புது பேட்டரி போட்டாலும் இதே கதிதான். பெரும்பாலான யூபிஎஸ்களில் பின்பக்கம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் இருக்கும். அது ‘டியூபுலர்’ பக்கம் இருக்கிறதா பாருங்கள். சார்ஜ் ஆகும்போது டெர்மினலில் வோல்ட் மெல்ல 14-ஐத் தாண்டி ஏற வேண்டும். மணிக்கணக்கில் 13-இலேயே நின்றால் சார்ஜரில்தான் கோளாறு. மாலையில் உங்கள் தெருவில் வோல்டேஜ் குறையுமா? பல மாடல்களில் ‘யூபிஎஸ் மோடு’ போட்டிருந்தால், மின்சாரம் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் சத்தமில்லாமல் பேட்டரிக்கு மாறிவிடும். கரண்ட் போகவே இல்லை என்று நீங்கள் நினைத்திருக்கும் நேரத்திலும் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு அந்த மோடு தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரை இன்றோடு நிறுத்துங்கள். குடிக்க நல்ல தண்ணீர்தான்; பேட்டரிக்கு அல்ல. அதில் மிஞ்சியிருக்கும் குளோரைடும் மற்ற உப்புகளும் உள்ளேயே தங்கும். தண்ணீர் மட்டும் வற்றி வற்றி, நீங்கள் ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்துகொண்டே போய்த் தகட்டை அரிக்கும். மூன்றரை ஆண்டில் உங்கள் பேட்டரிக்கு இது ஓரளவு சேதம் செய்திருக்கும். ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். காயிலின் தூசும் உலோகத் துகளும் அதில் வரும், வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் நிறைந்த பிறகு, மிதவையின் மேல் கோடு வரை. ஆசிட் ஊற்றினால் பேக்கப் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மீட்டரில் கிராவிட்டி ஏறியதாகக் காட்டும், தகடு வெந்துபோகும்.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் வாரன்டி அட்டையைத் தேடுங்கள். பல டியூபுலர் பேட்டரிகளுக்கு முதல் சில ஆண்டுகள் இலவச மாற்றும், அதன் பிறகு விலையில் கழிவும் உண்டு. மூன்றரை ஆண்டு அதில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழையதை இரும்புக் கடையில் போடாமல் பேட்டரி விற்பவரிடமே கொடுங்கள். பழையதற்கான விலையைக் கழித்துக்கொள்வார். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 உற்பத்தியாளரைத்தான் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பில் நிறுத்தியிருக்கிறது. வெட்டவெளியில் ஆசிட்டைக் கொட்டி ஈயத்தை உருக்கினால், அந்த ஈயம் பக்கத்துத் தெருக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேரும்.