நரகத்துக்கு முடிவு உண்டோ?

நீதியுடையான் என்றும் அன்புடையான் என்றும் போற்றப்படும் முதல்வன், ஓர் உயிரை முடிவின்றி நரகத்தில் அழுத்தி வருத்துவான் எனக் கூறுதல் பொருந்துமோ என்பது பல சமயத்தாரும் நெடுங்காலமாக ஆராயும் வினா. சித்தாந்த சைவர் இதனைப் பிறர் சமயத்துக் குற்றமென ஒதுக்கிவிட்டு அமைதல் சாலாது. நரகம் உண்டென நம் நூல்களும் உடன்படுகின்றன. 16-ஆம் நூற்றாண்டில் மறைஞான சம்பந்தர் தமிழிற் செய்தருளிய சிவதருமோத்தரம் நரக வேதனைகளைக் கேட்போர் நடுங்குமாறு விரித்துரைக்கின்றது. அதனை ஓதும் மாணாக்கர் ஒருவர், ‘இக்கொடுமையும் அருளாளன் செயலோ?’ என்று வினவுவாராயின் விடை கூறுங் கடப்பாடு நமக்கு உண்டு.

இவ்வாராய்ச்சிக்குத் தொண்டைநாட்டுப் பெரும்பூதூர் நல்லதோர் இடமாக அமைந்துள்ளது. இன்று அவ்வூரின் பெயர் கேட்டவுடன் ஒரகடம் வரை நிறைந்த தொழிற்சாலைகளே பலர்க்கும் நினைவில் வரும். ஆயினும் அவ்வூர்க்குப் பூதபுரி என்னும் பழம்பெயர் உண்டு. சிவபெருமான் திருக்கூத்தியற்றுங்கால் பூதகணங்கள் நகைத்தன. அப்பிழையால் சாபமெய்தித் திருமுன்பினின்றும் நீங்கின. இவ்வூரை அடைந்து திருமாலை நோக்கித் தவங்கிடந்தன. ஆதிசேடனால் ஆகிய அநந்தசரசு என்னும் தீர்த்தத்தில் மூழ்கிச் சாபம் நீங்கி, மீளவும் இறைவன்பாற் சென்று சேர்ந்தன என்பது தலவரலாறு. இக்கதையைக் கொண்டு தெய்வங்களின் உயர்வு தாழ்வு பேசிப் பொழுது போக்குவாரும் உளர். அப்பூசல் ஈண்டு வேண்டா. நாம் கருதற்பாலது ஒன்றே. நகைத்தது இறைவனையே, பிழைத்தவை அவனுடைய கணங்களே. அங்ஙனமிருந்தும் சாபத்துக்கு ஓர் எல்லை இருந்தது. எல்லை கடந்தபின் அவை சென்று சேர்ந்த இடமும் நீங்கிய இடமேயாயிற்று.

அவ்வூரிலேயே 1017-இல் தோன்றியவர் இராமாநுசர். திருக்கோட்டியூர் நம்பிகளிடம் மறைபொருளைக் கேட்ட அவர், அதனை வெளியிடின் நரகமெய்த நேரும் என்று அறிந்தும், ‘பலர் உய்ய நான் ஒருவன் நரகம் புகினும் அமையும்’ எனத் துணிந்து யாவரும் அறியக் கூறினாரென வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும். சமய வேறுபாடு பற்றி இவ்வரலாற்றின் பெருமையை நாம் குறைத்தல் தகாது. பிறர்பொருட்டுத் தான் நரகம் புக ஓர் அடியவர் ஒருப்படுவராயின், அவ்வடியவர்க்கு அருள் வழங்கிய முதல்வன் ஓருயிரை என்றும் மீளாதவாறு அதன்கண் இடுவான் என்றல் யாங்ஙனம் பொருந்தும்? தொண்டன் அருள் தலைவன் அருளினும் மிக்கதென்பது அதனாற் பெறப்படும். அதனை எச்சமயத்தாரும் உடன்படார்.

அஃது உணர்ச்சி பற்றிய வாதம் என்பார்க்கு வினையின் இலக்கணங் கொண்டும் விடை கூறலாம். வினை தொடர்ச்சியால் அநாதியாயினும், ஒவ்வொரு வினையும் ஒரு காலத்துத் தொடங்கி ஒரு காலத்து முடிவது. எல்லையுடைய காரணத்தினின்றும் எல்லையில்லாக் காரியம் பிறவாது. நரகத்தில் உயிர் எய்துவது யாதனாசரீரம். அது நுகர்ச்சிக்கென அமைந்த உடம்பு. ஆண்டு நுகர்ச்சியன்றிப் புதுவினை ஈட்டுதல் இல்லை. ஆகவே வரவின்றிச் செலவே நிகழும் கணக்கு ஒருநாள் தீர்ந்தே தீரும். நரகம் நுகர்ந்தபின் எஞ்சிய வினையால் வரும் பிறவிகளைச் சிவதருமோத்தரம் தனியே எடுத்துக் கூறுவதும் இதுபற்றியே.

‘எல்லையில்லாப் பெருமையுடைய முதல்வனுக்குச் செய்த பிழையும் எல்லையில்லாததேயாம், ஆதலின் தண்டமும் எல்லையில்லாததாதல் நீதி’ என்பர் ஒரு சாரார். அற்றேல், அம்முதல்வனுக்கு இட்ட ஒரு பச்சிலையும் எல்லையில்லாப் பயன் தரவேண்டும். வாழ்நாளில் ஒருகால் ஒரு நொடி அவனை நினைந்தாரும் அதனால் உய்ந்தொழிவர். பிழைக்கு ஓரளவும் பணிக்கு வேறளவும் கொள்ளுதல் வாணிகர்க்கும் ஆகாத முறை.

இன்னொரு சாரார், ‘முதல்வன் கதவை அடைத்திலன், உயிரே அவனை வெறுத்து உள்ளிருந்து தாழிட்டுக்கொள்கின்றது’ என்பர். இது முன்னையதினும் நுண்ணிய வாதம்; இதற்குச் சற்று நின்று விடை கூறல் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. அதன்கண் தோன்றும் வெறுப்பு அதன் இயல்பன்று, மலத்தின் செயல். பித்தந் தலைக்கேறியவன் மருந்தைக் கீழே தட்டிவிடுதல் உண்டு. அது கண்டு ‘அவன் விருப்பம் அது’ என்று எழுந்துபோகும் மருத்துவனை அன்புடையான் என்பார் யார்? அன்றியும், உயிர்களைத் தானே இன்மையினின்று படைத்தவன் எனக் கொள்ளும் சமயங்களுக்கு இடர் இன்னும் மிகுதி. கெடுமென்று முன்னறிந்தே படைத்தான் என்னும் பழியை அவை தாங்கவேண்டும். நம் கொள்கையில் உயிரும் மலமும் அநாதி. முதல்வன் நோயை உண்டாக்கினவன் அல்லன், தீர்ப்பவன். கிறித்துவ சமயத்துள்ளும் இவ்விடரை உணர்ந்தார் இலரல்லர். பண்டு ஓரிகென் என்னும் ஆசிரியர் யாவும் முடிவில் இறைவன்பால் மீளுமென எண்ணினார். 6-ஆம் நூற்றாண்டில் அக்கொள்கை கண்டிக்கப்பட்டது. இலண்டன் மன்னர் கல்லூரியில் மாரிஸ் என்பார் முடிவிலாத் தண்டம் பற்றி ஐயுற்று எழுதியமையால் 1853-இல் ஆசிரியப் பதவியை இழந்தார்.

இனி நரகத்தின் பயன் யாது எனின், மறக்கருணை என்க. அறக்கருணையும் மறக்கருணையும் ஒரே அருளின் இருவேறு நடை. மேற்கூறிய ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் உருவாவன போன்ற உந்துவண்டிகளின் பற்சக்கரத்தை உலையிலிட்டு, குறித்த சூட்டில் குறித்த நாழிகை வைத்து, பின் எண்ணெயிற் றோய்த்து உறுதிப்படுத்துவர். சூடும் காலமும் மிகுமாயின் அவ்விரும்பு முறியுந் தன்மைத்தாய்க் கெடும். உலையில் இடுபவன் எடுக்குங் காலத்தையும் முன்னரே குறித்துக் கொண்டுதான் இடுகின்றான். எடுக்கும் எண்ணமின்றி இடுவானாயின் அவன் பொருளை ஆக்குவான் அல்லன், அழிப்பான். இரும்பு அறிவில் பொருள், உயிரோ அறிவுடையது. ஆதலின் இவ்வுவமை ஒருபுடையதே. ஆயினும் காலவரையறை என்னும் கூற்றில் தவறாது பொருந்தும்.

பெரும்பூதூர்க்கு அணித்தாய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் இதனை வரலாற்றால் விளக்கியருளினார். சேய்ஞலூர் எச்சதத்தன், மகனார் விசாரசருமர் மணலால் அமைத்து வழிபட்ட இலிங்கத்துக்குரிய பாற்குடத்தைக் காலால் இடறிச் சிந்தினான். சிவாபராதத்துள் இதனினும் பெரிது யாது? மகனார் எடுத்த கோல் மழுவாகி அவன் தாள்களைத் துணித்தது. மகனார் சண்டீசராயினார் என்பதனை யாவரும் அறிவர். தந்தை யாதாயினான் என்பதனைப் பலர் கருதாது விடுகின்றனர். அத்தண்டத்தாலேயே குற்றம் நீங்கி, அவன் தன் சுற்றத்தாரோடும் சிவலோகம் எய்தினான் என்பது சேக்கிழார் கூறும் முடிபு. சங்கிலியார்க்குச் செய்த சூள் பிழைத்த சுந்தரர்க்கும் இரு கண்ணும் மறைந்தன. வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றைக் கண்ணும் கிடைத்தன. பகைவன்போல் நின்றானுக்கும் தோழர்க்கும் தண்டம் ஒரு நெறியிலேயே சென்றது.

இத்துணையும் கூறியபின்னரும் நமக்கே உரிய ஒரு வினா எஞ்சுகின்றது. அதனை மறைத்தல் நேர்மையன்று. வினை தீருமாயினும், அதற்கு மூலமாய ஆணவம் அநாதியாயிற்றே. தொடக்கமில்லாதது முடிவுமில்லாததாய் ஓருயிரை என்றும் பிறப்பில் நிறுத்துமாயின், நரகம் நீண்டதற்கும் அதற்கும் வேற்றுமை யாது? 13-ஆம் நூற்றாண்டில் மத்துவாசாரியர் இவ்வழியே சென்று, முத்திக்கு உரியர், என்றும் பிறப்பில் உழல்வோர், மீளா இருளுக்கு உரியர் என உயிர்களை முத்திறப்படுத்தினார். சித்தாந்தம் இவ்விடத்திற் பிரிகின்றது. ஆணவம் ஒன்றேயாயினும், ஒவ்வோர் உயிரையும் பற்றிய அதன் சத்தி தனக்கு வகுத்த கால எல்லையில் நீங்குமென உமாபதி சிவனார் சிவப்பிரகாசத்தில் வரையறுத்தருளினார். செம்பிற் களிம்பு செம்பு உள்ளவன்றே உளதாயினும் இரசவாதத்தால் நீங்குதல் போல்வது இது. உயிர்கள் எண்ணிறந்தன ஆதலின் யாவும் ஒருங்கே வீடுற்று உலகம் ஒழிந்தது என்னும் நாள் வாராது. எனினும் ‘இவ்வுயிர் ஒருநாளும் வீடுறாது’ என எதனையும் சுட்டிக் கூற இடமில்லை. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குவதாலேயே பலர் தடுமாறுகின்றனர்.

‘முடிவுண்டெனின் மக்கள் நரகத்துக்கு அஞ்சார்’ எனச் சொற்பொழிவாளர் சிலர் கவலுகின்றனர். பத்து நாளில் ஆறும் புண்ணென்று எண்ணி எவரும் தீயிற் கைவைப்பதில்லை. அச்சம் மிகுதற்பொருட்டு எல்லையை மறைத்துக் கூறின், கேட்போர் உள்ளத்தில் தங்குவது சிவனைப்பற்றிய பொய்யே. மடங்களில் சிவதருமோத்தரத்து நரகவியலைப் பாடஞ் சொல்லும்போது, சிவப்பிரகாசத்தில் ஆணவ இலக்கணம் கூறும் செய்யுளையும் உடன்வைத்து ஓதுவித்தல் வேண்டும். மேற்கூறிய மாணாக்கர் வினவும் அன்றைக்கே விடையும் அவர்க்குக் கிடைக்கும்.