பிராட்பேண்ட் இணைப்பு வாங்குமுன் வணிகர் கவனிக்க வேண்டியவை

மளிகை வியாபாரிக்குச் சரக்கு வாங்கும் சாமர்த்தியத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பருப்பு மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். எடை சரிபார்க்கிறோம். ஈரம் தட்டினால் வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றி விடுகிறோம். இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், பிராட்பேண்ட் இணைப்பு என்று வரும்போது மட்டும், வாசலில் துண்டுப் பிரசுரம் நீட்டுகிறவர் சொல்வதை நம்பி ஒரு வருடப் பணத்தைக் கட்டி விடுகிறோம்.

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் ஒரே இணைப்பு. மாலை ஆறு மணிக்கு அது நின்று போனால் கீழே பில் போடுவது தடைப்படும். மேலே பிள்ளைகளின் படிப்பு தடைப்படும். எனவே இதையும் ஒரு கொள்முதலாகவே கருத வேண்டும். கொள்முதலில் நாம் பார்ப்பவை நான்கு: அளவு, தரம், விலை, சரக்கு கெட்டால் பதில் சொல்லும் ஆள். இணைய இணைப்பைப் பொறுத்தவரை, நான்காவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கான காரணம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் விளங்கும்.

அளவு

விளம்பரத்தில் ‘100 எம்.பி.பி.எஸ்.’ என்று போடுகிறார்கள். நொடிக்கு 100 மெகா பிட் என்பது அதன் பொருள். ஆனால் போனில் படம், கோப்பு முதலியவற்றின் அளவு மெகா பைட்டில் காட்டப்படுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நம் பழைய கணக்கில் சொன்னால் பிட் என்பது ஆழாக்கு, பைட் என்பது படி. ஆகவே 100 மெகா பிட் என்றால் நொடிக்கு 12.5 மெகா பைட்தான் வரும்.

அடுத்தது ‘வரை’ என்ற சொல். ‘100 வரை’ என்றால் அதற்கு மேல் போகாது என்பது மட்டுமே நிச்சயம். எவ்வளவு குறையும் என்பதை அந்தச் சொல் சொல்லாது. அரசின் 2004ஆம் ஆண்டுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோ பிட் கிடைத்தாலே அது பிராட்பேண்ட். 2023 ஜனவரியில் இந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகா பிட்டாக உயர்த்தப்பட்டது. ஆகவே பிராட்பேண்ட் என்ற பெயரை மட்டும் வைத்து மயங்க வேண்டாம்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லும் அப்படியே. பல திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை ஜிகா பைட் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் இணைப்பு நிற்காது. வேகம் வெகுவாகக் குறைந்து விடும். வரம்பு எவ்வளவு, தாண்டிய பின் வேகம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

நமக்குத் தேவை எவ்வளவு? தெளிவான படம் ஓடும் ஒரு டி.வி.க்குச் சுமார் 5 மெகா பிட் போதும். வீடியோ வகுப்புக்கு 4 போதும். பில் போடுவதற்கும் இ-வே பில் எடுப்பதற்கும் மிகச் சொற்பமே செலவாகும். இரண்டு டி.வி., ஒரு வகுப்பு, நான்கைந்து போன்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும், உண்மையாகவே 50 கிடைத்தால் தாராளம். 300க்குப் பணம் கட்டி 30 பெறுவதை விட, 50க்குக் கட்டி 45 பெறுவது லாபம்.

கண்காணிப்பு கேமரா வைத்திருப்போர் மற்றொன்றையும் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து கடையைப் பார்க்கும்போது படம் நம் கடையிலிருந்து வெளியே போகிறது. அதற்கு வேண்டியது அப்லோட் வேகம். கேமரா ஒன்றுக்கு 2 மெகா பிட் என்றால் நான்குக்கு 8 வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது உள்ளே வரும் வேகத்தை. வெளியே போகும் வேகத்தைத் தனியாகக் கேளுங்கள்.

தரம்

பழைய செப்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும். கண்ணாடி இழையான ஃபைபரில் தெரு தூரத்துக்கெல்லாம் அந்தக் குறை இல்லை. ஆனால் அது மடங்கினாலும், எலி கடித்தாலும், சாலை தோண்டும்போது அறுந்தாலும் இணைப்பு போய்விடும். ஒட்டுவதற்குக் கருவியும் பழகிய ஆளும் வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் மாடியில் பெட்டி வைத்து 5ஜி அலைவரிசையில் தரும் இணைப்பும் வந்திருக்கிறது. ஃபைபர் வராத தெருவுக்கு அது உதவும். ஆயினும் நம் மாடியிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ எண்ணெய் டின் அடுக்குக்கு நடுவிலோ வைத்து விட்டு, கம்பெனியைக் குறை சொல்வதில் பயனில்லை. வைஃபை இரும்பைத் தாண்டத் திணறும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர் இழுத்து விடுவது உத்தமம். மின்சாரம் போனால் ரூட்டரும் அணைந்து விடும். அதற்கென்று சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது; ரூட்டரின் வோல்டேஜ், ஆம்பியர் பார்த்து வாங்க வேண்டும். கடை வைஃபை பாஸ்வேர்டை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள்.

விலை

மாதம் ரூ.500 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ.590. வருடத்துக்கு ரூ.7,080. பொருத்தும் கூலி, ரூட்டருக்கு முன்பணம், அது திரும்ப வருமா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அடக்க விலை தெரியும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர்கள் தங்கள் பதிவு எண்ணுடன் பில் பெற்றால், வியாபாரத்துக்குப் பயன்படும் பங்கிற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

ஒரு வருடப் பணம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். புது வியாபாரியிடம் முதல் லோடுக்கே முழு முன்பணம் கொடுப்போமா? முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். நடத்தையைப் பார்த்த பிறகு வருடத்துக்குப் பேசலாம். ரசீது கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். உள்ளூர் கேபிள்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் நாளை வேறு கம்பெனிக்கு மாறினால், துண்டுச் சீட்டை வைத்துக் கொண்டு யாரிடமும் கேட்க முடியாது.

பதில் சொல்லும் ஆள்

எந்தக் கம்பெனியானாலும் இணைப்பு ஒரு நாள் அறும். அப்போது எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்பதில்தான் நல்ல இணைப்பும் கெட்ட இணைப்பும் பிரிகின்றன. இதை விளம்பரத்தில் காண முடியாது. ஒரு ஊரில் நல்ல பெயர் எடுத்த கம்பெனி, நம் தெருவில் ஆள் இல்லாமல் திணறலாம். எனவே அதே தெருவில் அதே இணைப்பை வைத்திருக்கும் மூன்று பேரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது நின்றது? எப்போது சரி செய்தார்கள்? முடிந்தால் மாலை எட்டு மணிக்கு அவர்கள் வீட்டிலேயே வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். காலை பதினோரு மணிக்கு எல்லா இணைப்பும் நன்றாகத்தான் ஓடும்.

பழுது என்றால் லைன்மேனுக்குப் போன் செய்வதோடு நிற்காமல், கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் அமைப்பு தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. ஆனால் தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்துள்ளது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே போனாலும் புகார் எண்ணும் ரசீதும்தான் முதலில் பேசும்.

இரண்டாவது வழி

பிராட்பேண்ட் நின்றால் க்யூ.ஆர். அட்டை வழியாகப் பணம் வருவது நிற்பதில்லை. வாடிக்கையாளரின் போன் அவருடைய சிம்மில் ஓடுகிறது. தொகையைச் சொல்லும் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் தனி சிம் இருக்கிறது. நிற்பது இணையத்தில் ஓடும் பில்லிங்கும், வைஃபையில் ஓடும் கார்டு மெஷினும்தான். அந்த நேரத்துக்குப் போனின் ஹாட்ஸ்பாட் கை கொடுக்கும். ஆனால் அந்த சிம், பிராட்பேண்ட் தரும் கம்பெனியுடையதாக இருக்கக் கூடாது. ஒரே கம்பெனியின் கேபிள் அறுந்தால் இரண்டும் சேர்ந்தே படுத்து விடலாம்.

இனி யாரேனும் புது இணைப்பு என்று கடை வாசலுக்கு வந்தால், ‘எத்தனை எம்.பி.பி.எஸ்.?’ என்று முதலில் கேட்காதீர்கள். ‘லைன் அறுந்தால் யார் வருவார், எத்தனை மணிக்குள் வருவார், அவர் போன் நம்பர் என்ன?’ என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு விலை பேசலாம்.