படித்தேன், சொல்கிறேன்

மட்டாஞ்சேரியில் ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடுவோம். படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவோம்.

இந்த வாரம் 'தோட்டியின் மகன்'. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் மலையாளத்தில் எழுதியது. தமிழில் தந்தவர் சுந்தர ராமசாமி. ஆலப்புழையில் மலம் அள்ளியவர்களின் கதை. மகன் மோகன் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று சுடலைமுத்து காசு சேர்க்கிறான். அதற்காகக் கூட வேலை செய்பவர்களையே காட்டிக்கொடுக்கிறான்.

"துரோகி!" என்றார் சுமை தூக்கும் அண்ணன்.

"பிள்ளைக்காகத்தானே செய்தான்?" என்றார் துணி தேய்க்கும் அக்கா. "சுடலைமுத்து, நம் ஊர்ப் பெயர். என் தாத்தாவும் இப்படிப் பிழைக்க வந்தவர்தான்."

"மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா அக்கா?"

அக்கா யோசித்தார். "புத்தகத்தைக் கொடுங்கள். இன்னொரு முறை படிக்கிறேன்."

(தொடக்கம் மெதுவாகத்தான் போகும். விட்டுவிடாதீர்கள்.)

நீங்கள் யார் பக்கம்? ஏன்? நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்.