எக்சோஸ் குழாயில் கரி: மோட்டாரையும் காப்போம், உடம்பையும் காப்போம்



கடைகளில் இப்போது விற்கும் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக் வகை. ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைக் கண்ணும் கருத்துமாக வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின்களிலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் உண்டு. இவற்றின் எக்சோஸ் குழாயில் கரி பிடிக்கும். அதை ஓய்வு நாளில் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சுத்தம் செய்வது நம் வழக்கம். அந்த ஒரு மணி நேர வேலையில் கண், தோல், நுரையீரல் மூன்றுக்கும் ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறோம்.

கரி ஏன் பிடிக்கிறது?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் அடியில் தனியாக நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. எண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் புகையோடு போய்க் குழாயின் உள்சுவரில் ஒட்டி, சூட்டில் காய்ந்து கெட்டியான கரியாகிறது. குழாய் குறுகக் குறுகப் புகை வெளியே போக முடியாமல் திணறும். மேட்டில் மோட்டார் இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், எஞ்சின் சூடாகும். இவைதான் அடையாளங்கள்.

எண்ணெயை அதிகம் ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதிக எண்ணெய், அதிக கரி. கலந்து ஊற்றும் மெஷின் என்றால் அதன் புத்தகத்தில் சொன்ன அளவைப் பாருங்கள். 25க்கு 1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50க்கு 1 என்று இருந்தால் 20 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். டூ ஸ்ட்ரோக் எண்ணெயைத் தவிர வேறு எண்ணெய் ஊற்றாதீர்கள்.

கரி உடம்புக்கு என்ன செய்யும்?

"கரிதானே, கழுவினா போச்சு" என்பார்கள். அப்படி இல்லை. லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் என்பவர் 1775ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்: வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்தவர்களுக்கு, கரி படிந்து கிடந்த இடுப்புக்குக் கீழே தோலில் புற்றுநோய் வந்தது என்று. ஒரு வேலை ஒரு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டதற்கு இது முதல் சான்றுகளில் ஒன்று. ஒரு நாள் கையில் கரி பட்டதால் நோய் வந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் கரியோடும் பழைய எண்ணெயோடும் வருசக்கணக்காகப் புழங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் கையுறை போடுங்கள், முகத்தில் மூடி கட்டுங்கள். கரி படிந்த துணியை முழங்காலில் போட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள், சட்டைப் பையிலும் திணிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், வெடிப்பும் சொறியும் வரும். அதில் இருக்கும் பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்.

சுத்தம் செய்யும் முறை

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடான குழாயைத் தொடாதீர்கள்.

2. குழாயைக் கழற்றி வெட்டவெளிக்குக் கொண்டு போங்கள். அஞ்சடியிலும் குசினியிலும் வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

3. வால் பக்கத்துத் திருகைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வரும். மரக்கட்டையால் மெதுவாகத் தட்டி, உதிர்கிற கரியைப் பழைய தாளில் கொட்டுங்கள்.

4. ஒட்டியிருக்கும் கரியில் கொஞ்சம் எண்ணெய் தடவிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஈரமாக இருந்தால் தூள் பறக்காது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

5. அடைப்பு போயிற்றா என்று வாயை வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

6. திரும்பப் பூட்டியபின் வெட்டவெளியில் மட்டும் ஓட விடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் எரிந்து முதலில் நிறையப் புகை வரும்.

இந்த ஆறாவது விசயத்தை வீட்டுப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷக் காற்று இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். மழை பெய்கிறது என்று மோட்டாரை வீட்டுக்குள் தள்ளி எஞ்சினை ஓட விடாதீர்கள். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

தீ வைக்காதீர்கள்

குழாய்க்குள் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கொளுத்தினால் கரி எரிந்துவிடும் என்று சிலர் செய்கிறார்கள். பெட்ரோல் ஆவி குழாய்க்குள் நிறைந்திருக்கும்போது நெருப்புப் பட்டால் குப்பென்று வெளியே பாயும். குனிந்து பார்க்கிறவர் முகம்தான் அதற்கு எதிரே இருக்கும். வேண்டவே வேண்டாம்.

சோடா ஆப்பி: மிகவும் கவனம்

தேய்த்தும் போகாத கரிக்குக் காஸ்டிக் சோடா, அதாவது நாம் சோடா ஆப்பி என்று சொல்வதைக் கரைத்து ஊற வைப்பது உண்டு. இது கரியை மட்டும் தின்னாது, தோலையும் கண்ணையும் தின்னும். முடிந்தால் இந்த வேலையைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். நீங்களே செய்வதென்றால் இதை மறக்காதீர்கள்:

எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பச்சைத் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். அலுமினிய வாளியும் அலுமினியச் சாமான்களும் ஆகாது. சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும். நீளமான ரப்பர் கையுறை, கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, பூட்ஸ் மூன்றும் வேண்டும்.

மிச்சத் தண்ணீரை சார்சி போத்தலிலோ மினரல் தண்ணீர் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். விளையாடிவிட்டுத் தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒரு வாய் போதும், தொண்டையும் உணவுக் குழாயும் வெந்துபோகும். பிழைத்தாலும் சோறு விழுங்க முடியாமல் வருசக்கணக்காகத் தவிக்க நேரிடலாம்.

முதலுதவி

கண்ணில் பட்டால்: அந்த நிமிசமே குழாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்து பிடித்து, அரை மணி நேரமாவது கழுவுங்கள். பிறகு மருத்துவமனை. "வலி குறைஞ்சிருச்சு" என்று நின்றுவிடாதீர்கள். சோடா உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

தோலில் பட்டால்: நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள். காடி, எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள்.

குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 999ஐ அழையுங்கள் அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சூட்டுக் குழாய் சுட்டால்: 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கிச்சாப், பற்பசை, நெய் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

மெஷின் யாருடையது?

உங்கள் சொந்த மோட்டாருக்குக் கையுறையும் கண்ணாடியும் வாங்க வேண்டியது நீங்கள். ஆனால் தோட்டத்துப் புல்வெட்டு மெஷினைச் சுத்தம் செய்தால் அது வேலை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. கொடுக்கவில்லை என்றால் மண்டோரிடம் கேளுங்கள்; அப்படியும் கிடைக்காவிட்டால் சங்கத் தோட்டப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

கரி பிடித்த குழாய்க்கு மாற்றுக் குழாய் கடையில் கிடைக்கும். கண்ணுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்தப் பக்கத்தைப் படித்த பிறகு, வீட்டில் சோடா ஆப்பி எங்கே இருக்கிறது, எந்தப் போத்தலில் இருக்கிறது என்று ஒரு முறை எழுந்து போய்ப் பாருங்கள்.