ஊசி நாள் சுலபமாகப் போக...

கைக்குழந்தை உள்ள வீட்டில் ஊசி நாள் என்றாலே முதல் நாள் ராத்திரியே கலக்கம் வந்துவிடும். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் அலைச்சலும் செலவும் குறையும், தோழிகளே!

1. தமிழ்நாட்டில் அரசு ஊசி நாள் புதன்கிழமை. குழந்தை பிறந்த தேதியிலிருந்து 6, 10, 14-ஆவது வாரங்களையும் 9-ஆவது மாதத்தையும் கணக்குப் பார்த்து, அதையொட்டி வரும் புதன்களைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.

2. ரோட்டா சொட்டு மருந்தும் நிமோனியா தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். தனியாரில் இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

3. பென்டாவேலன்ட் இடது தொடையில், நிமோனியா ஊசி வலது தொடையில், போலியோ ஊசி மேல்கையில். அதனால் இறுக்கமான பேன்ட் வேண்டாம்; முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜபலா போதும்.

4. ஊசி போடும்போதே பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். போலியோ சொட்டுக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

5. அன்றைக்கே குழந்தையின் எடையைக் கேட்டு, தாய் சேய் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கான பாரசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது. எத்தனை மில்லி என்று நர்ஸம்மாவிடமே எழுதி வாங்குங்கள். மிக முக்கியமாக, பாரசிட்டமால் சொட்டு மருந்து பாரசிட்டமால் சிரப்பைவிடப் பல மடங்கு வீரியமானது. ஒன்றின் அளவை மற்றதற்குப் போடவே கூடாது. காய்ச்சல் வரும் முன்பே கொடுத்து வைக்கவும் தேவையில்லை.

6. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், சூடான ஒத்தடமும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணி போதும்.

7. பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து, உடைந்து, தழும்பாகும். மஞ்சளோ களிம்போ தடவாமல் விட்டால் தானே ஆறிவிடும்.

8. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம். உடனே பயந்துவிட வேண்டாம்.

9. கலக்கிய தட்டம்மை-ரூபெல்லா மருந்து நான்கு மணி நேரம்தான் தாங்கும். கலக்கிய நேரத்தைப் புட்டியிலேயே எழுதியிருப்பார்கள். புட்டியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து அளவுக்கு மீறிய சூடு படாமல் வந்திருக்கிறது. காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம், அது நம் உரிமை.

10. போட்டவுடன் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். வீட்டுக்கு வந்தபின் வலிப்பு, மூச்சுத்திணறல், மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

11. லேசான சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

12. தாய் சேய் அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து, குழந்தையின் அப்பாவுக்கும் பாட்டிக்கும் அனுப்பி வையுங்கள். பிற்பாடு ஸ்கூலில் கேட்டாலும் தேட வேண்டியிருக்காது.

13. நடக்க ஆரம்பித்தபின் பலரும் மறப்பது 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டரும், ஐந்து வயது டிபிடி பூஸ்டரும்தான். பக்கத்து வீட்டில் அந்த வயதில் பிள்ளை இருந்தால், இந்தப் புதன்கிழமை அவர்களையும் கையோடு கூட்டிப் போங்கள்.