காற்றும் முள்ளும்

இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் சிற்றூர்களில் மாணவர் பலர் காலைதோறும் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்வர். நான்கைந்து கிலோமீட்டர் தொலைவை அரைமணி நேரத்துக்குள் கடக்க அவ்வண்டியே அவர்களுக்குத் துணை. அப்பாதைகள் பலவற்றின் இருமருங்கும் சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய இம்மரம் விறகுக்கும் கரிக்கும் பயன்படுகிறது. விறகு ஏற்றிச் செல்லும்போது உதிரும் ஒரு முள், தேர்வு நாளன்று ஒரு மாணவியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடும். ஆதலின், மிதிவண்டி ஓட்டக் கற்றவர் அதன் பழுதை நீக்கவும் கற்றல் வேண்டும்.

இவ்விடர் மிதிவண்டியோடு பிறந்ததன்று. காற்றடைத்த சக்கரத்தோடு பிறந்தது. முற்கால மிதிவண்டிகள் இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோ பூண்ட சக்கரங்களால் ஓடின, ஏறுவோரைக் குலுக்கின. ஸ்காத்லாந்து நாட்டவரான இராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; எனினும் அது வழக்கில் நிலைக்கவில்லை. பின்னர், பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராய் விளங்கிய ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்கெனக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை அமைத்து, 1888-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஓட்டம் மென்மையாயிற்று, ஆனால் சிறு முள்ளும் வண்டியை நிறுத்த வல்லதாயிற்று. அன்றைய டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தமையால், அதனைச் செப்பனிடப் பல மணி நேரம் ஆயிற்று. பிரான்சு நாட்டு மிசெலின் உடன்பிறந்தார் எளிதில் கழற்றி மாட்டத்தக்க டயரை 1891-ஆம் ஆண்டில் ஆக்கினர். அதன்பின் வழியிலேயே பழுது நீக்குதல் எவர்க்கும் இயல்வதாயிற்று.

காற்றிழந்த வண்டியின்மேல் ஏறிச் செல்லுதல் தகாது. சக்கர வளையத்தின்கீழ் நசுங்கிக் குழாய் மேலும் கிழியும். இறங்கி உருட்டிச் செல்லுதலே நன்று. முதலில் வால்வில் சிறிது நீர் வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்குக் குமிழி எழுமாயின் குற்றம் வால்வினதே. இல்லையேல், டயரின் ஓரத்தை நெம்பி விலக்கிக் குழாயை எடுத்து, காற்றடித்து நீரில் அமிழ்த்துக. குமிழி எழும் இடமே துளை உள்ள இடம். பின் காற்றை வெளியேற்றி, அவ்விடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, பசையைப் பூசி, அதன் ஈரம் அடங்கும்வரை பொறுத்து, ஒட்டினை அழுத்தி ஒட்டுக. பொறாதவர் ஒட்டிய ஒட்டு நில்லாது.

துளையே தன் காரணத்தையும் பெரும்பாலும் உரைத்துவிடும். குழாயின் வெளிப்புறத்தில் ஒற்றைத் துளை இருப்பின் முள்ளோ ஆணியோ தைத்தது. உட்புறத்தில் இருப்பின் ஆரக்கம்பியின் முனை உறுத்தியது. பாம்புக்கடிபோல் இரு துளைகள் அருகருகே இருப்பின், காற்றுக் குறைந்த சக்கரம் கல்லிலோ குழியிலோ மோதியது. குழாயை ஒட்டியதோடு பணி முடிந்துவிடாது. டயரின் உட்புறத்தைத் துணிகொண்டு மெல்லத் தடவி, தைத்த பொருளைத் தேடி எடுத்தல் வேண்டும். துளையை அடைத்து முள்ளை விட்டவன், மறுநாளும் அதே இடத்தில் ஒட்டுப் போடுவான்.

வருமுன் காத்தலும் இயல்வதே. பெருவண்டிகளின் ஓட்டத்தால் கண்ணாடிச் சில்லும் ஆணியும் கம்பித் துண்டும் சாலையோரத்தில் ஒதுங்குகின்றன. ஆதலின், இடப்பக்கமே செல்லினும் விளிம்பினின்று சற்று உள்ளே தள்ளிச் செல்லுதல் நன்று. சில்லைக் கண்டவுடன் வண்டியைத் திடீரெனத் திருப்புவோர், பின்வரும் பேருந்தின்முன் வீழ்வர். தொலைவிலேயே நோக்கி, பின்புறம் பார்த்து, கைகாட்டி விலகுதல் வேண்டும். நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்குமாதலின், மழைநாளில் விழிப்பு மிகுதியும் வேண்டும்.

இனி, எடுத்த முள்ளை என் செய்வது? அதனை வழியிலேயே எறிபவன் துன்பத்தைத் தீர்த்தவன் அல்லன், பிறர்க்கு மாற்றியவனே. பின்னே வருபவர் மற்றொரு மாணவராய் இருக்கலாம். வெறுங்காலோடு வயலுக்குச் செல்லும் முதியவராகவும் இருக்கலாம். டயரில் தைத்த முள்ளுக்கு ஒட்டுப் போட்டால் வண்டி ஓடும். காலில் தைத்த முள்ளால் ஒருவரின் சில நாட்கூலியே போய்விடும். முள்ளைத் தாளில் பொதிந்து குப்பைக்குழியில் இடுதல் ஒரு நிமிடப் பணியே. வழி என்பது முன்னே செல்பவர் பின்னே வருபவர்க்கு விட்டுச் செல்லும் பொருள். அதனைத் தூயதாய் விட்டுச் செல்லுதல் வழிநடப்போர் அனைவர்க்கும் கடமையாகும்.