நார்த்தியம் வரை போய் வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தோட்டக் கட்டுரை வந்தது. ஒரு பிழை இல்லை. ஆனால் அதில் ஒரு செடிகூடப் பட்டுப்போகவில்லையே அம்மா! மண்ணைத் தொடாமல் எழுதியிருக்கிறாய். வாராவாரம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறாயே, அதனால்தான் சொல்கிறேன்.

நீ படிக்கும் கென்ட்டுக்குப் பக்கத்திலேயே, கிழக்கு சசெக்ஸில் நார்த்தியம் என்றொரு ஊர். அங்கே கிரேட் டிக்ஸ்டர் வீட்டில் 1921இல் பிறந்தவர் கிறிஸ்டோபர் லாய்ட். 'கன்ட்ரி லைஃப்' இதழில் 1963 முதல் 2005 வரை தோட்டத்தைப் பற்றி வாரந்தோறும் எழுதினார். 42 வருஷம்! செடிக்கு முன்னால் நின்றே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். எழுத விஷயம் தீரவே இல்லை.

இசையமைப்பாளர் பாக்கின் இசைத்தொகுப்புப் பெயரைக் கொஞ்சம் மாற்றி, 1970இல் வந்த தன் புத்தகத்துக்கு 'தி வெல்-டெம்பர்ட் கார்டன்' என்று வைத்த குறும்புக்காரர் அவர். பிடிக்காத செடியைப் பிடிக்கவில்லை என்றே எழுதினார். வளர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னதால் அந்தக் கிண்டல் நிற்கிறது. கிண்டலை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

எனக்கு மிகப் பிடித்தது, ரோஜாத் தோட்டக் கதை. வீட்டைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் காலத்தது அது. வருஷக்கணக்கில் ரோஜாவே இருந்த மண்ணில் புது ரோஜா தேறவில்லை. 1993இல், எழுபது தாண்டிய வயதில், தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டோடு சேர்ந்து அத்தனையையும் தோண்டி எடுத்துவிட்டு, வாழை, கல்வாழை, டாலியா என்று நட்டார். நம் வாய்க்கால் ஓரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத கல்வாழைதான்! அங்கே குளிருக்குப் பயந்து காப்பாற்ற வேண்டிய செடி. ரோஜாவை எடுக்கலாமா என்று ஊரே முணுமுணுத்தது. அதே மனிதர், அப்பா வைத்த யூ மர வேலிகளை விட்டுவைத்தார். அம்மா ஆசைப்பட்டு வளர்த்த புல்வெளியில் விதை உதிரும்வரை அரிவாள் வைக்கவிடவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பது தினம் நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், பாப்பா.

அவர் 2006இல் போய்விட்டார். உன் வயதுப் பிள்ளைகள் இன்றும் அங்கே வேலை பழகுகிறார்கள். வசந்தத்தில் தோட்டம் திறந்ததும் போ. ஒருநாள் களை பிடுங்கச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார். குறிப்பேட்டை மறக்காதே. அந்த அழுக்குப் பக்கங்களை அப்படியே எனக்கு அனுப்பு.

உன்,
பெரியப்பா